குத்தகைக்கு எடுத்த சீமை

பிளவக்கல் பக்கம் நீங்கள் போயிருக்கிறீர்களோ, என்னவோ! ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைத் தரிசித்து, பால்கோவாவும் வாங்கிக்கொண்ட பிறகு, வத்திராயிருப்பு வழியாக மலையடிவாரத்தைப் பார்க்கப் போனால் அந்த இடம் வரும். பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு ஆறுகளுக்குக் குறுக்கே இரண்டு அணைகள். கரையில் நின்று பார்த்தால் மேற்கே மலை சுவர் வைத்தாற்போல் எழுந்து நிற்கும். மழை பெய்வதெல்லாம் மேலே; அதற்காகக் காத்திருக்கும் வயல்களெல்லாம் கீழே.

இந்தச் சுவர் பிளவக்கல்லோடு முடிந்துவிடுவதில்லை. ராஜபாளையம், சேற்றூர், சிவகிரி, புளியங்குடி, குற்றாலம் என்று தெற்கே போய்க்கொண்டே இருக்கிறது. அடிவாரத்தில் அடுத்தடுத்துப் பழைய பாளையங்கள். பிற்காலத்தில் அவை ஜமீன்களாயின. சமவெளியில் வயல், மலையில் காடு, நடுவே ஓர் அரண்மனை என்று ஜமீன்தார்கள் வாழ்ந்தார்கள். அவற்றுள் தெற்குக் கோடியில் இருந்ததுதான் சிங்கம்பட்டி. அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் பக்கம். தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற ஊர்.

சிங்கம்பட்டிக்கு மேலே உள்ள மலையில் ஒரு சீமை இருந்தது. ஆமாம், வெள்ளைக்காரச் சீமைதான்! குளிருக்குக் கணப்பு வைத்த பங்களா, சுற்றிலும் பூந்தோட்டம், துரைமார் பொழுது போக்கக் கிளப், கக்காச்சி என்னும் இடத்தில் பச்சைக் கம்பளம் விரித்தது போல் ஒரு கோல்ப் மைதானம். நம்முடைய திருநெல்வேலிச் சீமையிலிருந்து அரை நாள் மலை ஏறினால் அந்தச் சீமை! அதன் பெயர் மாஞ்சோலை.

அந்தச் சீமை எப்படி எழுந்தது, எப்படிச் சாய்ந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் அசல் சீமையில் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம்.

பதினாலு வாரம் பொறுத்திருந்தால்...

இங்கிலாந்தில் எஸ்டேட் என்றால் தேயிலைத் தோட்டம் என்று அர்த்தமில்லை. அங்கே தேயிலை ஏது? ஒரு பிரபு, அவருக்கு நூறு அறைகள் கொண்ட ஒரு மாளிகை, மாளிகையைச் சுற்றிப் புல்வெளி, ஏரி, மான் கூட்டம், அதையும் சுற்றி அவருடைய நிலத்தை வாரத்துக்கு உழும் குடியானவர்கள் வாழும் கிராமங்கள். இத்தனையும் சேர்ந்ததுதான் எஸ்டேட். கிராமத்துப் பாதிரியாரை நியமிப்பதுகூடப் பல இடங்களில் பிரபுதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

இந்த வாழ்வுக்கு முதல் அடி 1870-களில் விழுந்தது. அமெரிக்காவிலிருந்து மலிவுக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. நிலத்துக்கு வாரம் விழுந்துவிட்டது. 1894-இல் சர்க்கார், சொத்துக்காரர் செத்தால் வாரிசு வரி கட்டவேண்டும் என்று சட்டம் செய்தது. பிறகு 1914-ஆம் வருஷத்து மகாயுத்தம். தகப்பனார் இறந்து வரி கட்டின கையோடு, மகன் யுத்தத்தில் மாண்டு மறுபடியும் வரி கட்டின குடும்பங்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகளை இடித்துக் கல்லாகவும் மரமாகவும் விற்றார்கள். 1955-இல் சராசரி ஐந்து நாளைக்கு ஒரு மாளிகை போயிற்று என்று கணக்குச் சொல்கிறார்கள்.

தப்பிப் பிழைத்த மாளிகைகளில் பிரசித்தமானது சாட்ஸ்வொர்த். டெவன்ஷர் பிரபுவின் மாளிகை. பத்தாவது பிரபு முன்யோசனைக்காரர். வாரிசு வரியிலிருந்து தப்புவதற்காகத் தாம் உயிரோடிருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தாருக்குத் தத்தம் செய்துவிட்டார். சட்டத்திலே ஒரு சங்கடம். தத்தம் செய்தவர் அதற்குப் பிறகு ஐந்து வருஷம் உயிரோடிருக்கவேண்டும். அவர் 1950 நவம்பரில் திடீரென்று மாரடைப்பால் இறந்து போனார். ஐந்து வருஷம் பூர்த்தியாகப் பதினாலே வாரம் பாக்கி! எண்பது சதவிகிதம் வரி போட்டார்கள். ஹார்ட்விக் ஹால் என்ற இன்னொரு மாளிகையையும், ஏராளமான நிலத்தையும், விலை மதிக்க முடியாத ஓவியங்களையும் கொடுத்து, 1967 வரை பேரம் பேசிக் கணக்கைத் தீர்த்தார்கள். அந்த வீட்டு மருமகள் டெபோரா சீமாட்டி மாளிகையைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டு, பண்ணைக் கடை நடத்தி, கோழி வளர்ப்பதைப் பற்றிக்கூட எழுதி, வீட்டைக் காப்பாற்றினார். பெரிய வீட்டு மருமகள் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!

சீமையில் கதை இப்படி. வரி, யுத்தம், கோதுமை. நம் மாஞ்சோலைக் கதை ஒரு துப்பாக்கிச் சத்தத்தில் ஆரம்பமாகிறது.

நியூவிங்டன் மாளிகையில் ஓர் இரவு

சென்னை மவுண்ட் ரோடில், தேனாம்பேட்டைப் பக்கம், நியூவிங்டன் என்று ஒரு பங்களா இருந்தது. தகப்பனாரை இழந்த சிறு வயது ஜமீன்தார்களைச் சர்க்காரின் 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' அங்கே வைத்துப் படிப்பித்தது. வயது வராதவர் என்ற பொருளில் அவர்களை 'மைனர்' என்பார்கள். தங்கச் சங்கிலியும் சில்க் ஜிப்பாவுமாக நம் கதைகளில் வருகிறாரே ஒரு மைனர், அவருக்கு அந்தப் பட்டம் இங்கிருந்துதான் கிடைத்திருக்கவேண்டும். இங்கிலீஷ் படிப்பு, இங்கிலீஷ் சாப்பாடு, இங்கிலீஷ் விளையாட்டு. நாளைக்கு ஊரை ஆளப்போகிற பிள்ளைகள் பாதி வெள்ளைக்காரராகத் திரும்பிப் போகவேண்டும் என்பது ஏற்பாடு.

பள்ளியின் தலைவர் கிளமெண்ட் டி லா ஹே என்ற வெள்ளைக்காரர். 1919 அக்டோபர் 15-ஆம் தேதி இரவு அவரை யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மாகாணமே கிடுகிடுத்தது. வழக்கில் சிக்கியவர்கள் அங்கே படித்துக்கொண்டிருந்த கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன் இளைஞர்கள். சென்னையில் பரபரப்பு அதிகம் என்று வழக்கைப் பம்பாய்க்கு மாற்றினார்கள். பெரிய பெரிய வக்கீல்கள், தந்திகள், ரயில் பிரயாணங்கள், மாதக்கணக்கில் ஊரை விட்டு ஊர் தங்கல். கடைசியில் யாருக்கும் தண்டனை இல்லை. சுட்டது யார் என்பது ருசுவாகவே இல்லை.

தண்டனை யாருக்கு விழாவிட்டாலும் செலவு விழத்தானே செய்யும்? வீட்டில் ஒரு சிவில் வழக்கு நடந்தாலே அடுக்களைப் பாத்திரம் வரை அடகுக்குப் போகிற கதை நமக்குத் தெரியும். இதுவோ கொலை வழக்கு, அதுவும் பம்பாயில். சிங்கம்பட்டி ஜமீனுக்குக் கடன் ஏறியது இந்த வழக்கினால்தான் என்றும், அந்தக் கடன்தான் மலையைக் குத்தகைக்கு விடவைத்தது என்றும் திருநெல்வேலிச் சீமையில் இன்றைக்கும் சொல்லுகிறார்கள்.

குத்தகைக்குக் கேட்டு வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல.

ஒரு ராஜ்யத்தைச் சாப்பிட்ட கம்பெனி

வாலஸ் சகோதரர்கள் என்று ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர்கள் 1863-இல் ஆரம்பித்தது 'பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம்'. பர்மாவின் காடுகளில் தேக்கு வெட்டி, யானைகளைக் கொண்டு இழுத்து, ஆற்றிலே மிதக்கவிட்டு, ரங்கூனிலிருந்து கப்பலேற்றுவது தொழில். மேல் பர்மாவில் அப்போது தீபா மன்னர் ஆண்டுகொண்டிருந்தார். கம்பெனி வெட்டின மரத்துக்கும் கணக்குக் காட்டின மரத்துக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லி, 1885-இல் மன்னரின் சபை சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அபராதத்தைக் கட்டுவதா? கம்பெனி தன் சர்க்காரிடம் போய் முறையிட்டது. அந்த வருஷம் நவம்பரில் வெள்ளைக்காரர் படை ஐராவதி நதியில் புறப்பட்டது. இரண்டு வாரத்தில் மாண்டலே விழுந்தது. தீபாவையும் ராணியையும் கப்பலேற்றி, சென்னை வழியாக ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். அவர் 1916-இல் அங்கேயே இறந்தார். மரக் கணக்குக் கேட்டதற்கு ஒரு ராஜா ராஜ்யத்தையே கொடுத்தார்!

அதே கம்பெனிதான் 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் மலையைக் குத்தகைக்கு வாங்கியது. விஸ்தீரணம் 8,373 ஏக்கர் 57 சென்ட். கெடு 99 வருஷம். அதாவது 2028 பிப்ரவரி வரை. எட்டாயிரம் ஏக்கர் காட்டில் ஐம்பத்தேழு சென்ட்டைக்கூட விடாமல் அளந்து எழுதினவர்களின் சிரத்தையை மெச்சத்தான் வேண்டும். அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குத் தொண்ணூற்றொன்பது என்பது சாசுவதம் என்பதற்கு இன்னொரு பெயராகவே தோன்றியிருக்கும். பத்திரம் எழுதிய கைகளில் ஒன்றுகூட அதன் முடிவைக் காணப்போவதில்லையே.

இந்தப் பத்திரத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது, கவனித்துக்கொள்ளுங்கள். சாட்ஸ்வொர்த் பிரபுவுக்கு நிலம் சொந்தம். மாஞ்சோலைத் துரைக்கு அது சொந்தமில்லை. அவரும் குடக்கூலிக்காரர்தான். மாளிகை, ஏரி, கோல்ப் மைதானம் எல்லாம் வாடகை வீட்டிலே மாட்டிய படங்கள்.

கூடை சுமந்தவர்கள்

சுமார் 3,800 அடி உயரத்தில் மாஞ்சோலை. அதற்கும் மேலே கக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. காட்டை வெட்டிச் சாய்த்தது யார், பாறையைப் பிளந்து பாதை போட்டது யார், செடி நட்டது யார் என்று கேட்டால் பதில் ஒன்றுதான். கீழே மானாவாரிக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிக்கொண்டு போன ஜனங்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். மலையாளக் கரையிலிருந்தும் சில குடும்பங்கள் வந்தன. ஊரில் அவர்களுக்கு நிலம் இல்லை. பல தெருக்களில் நடக்கவும் வழியில்லை. மலையில் குளிரும் அட்டையும் இருந்தாலும், ஒரு கூரையும் மாதம் தவறாத சம்பளமும் கிடைக்கும் என்று நம்பி ஏறினார்கள். ஆரம்ப காலத்துத் தோட்ட வாழ்க்கை எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள், டாக்டர் பி. எச். டானியல் ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றி எழுதிய 'ரெட் டீ' நாவலைப் படிக்கலாம். 'எரியும் பனிக்காடு' என்று தமிழிலும் வந்திருக்கிறது. ராத்திரி படித்தால் தூக்கம் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தில் மிகுதியான வேலை பெண்களுடையது. கொழுந்து கிள்ள அவர்கள் விரல்தான் வேண்டும் என்பார்கள். விடிவதற்கு முன் எழுந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, கஞ்சியோ சோறோ ஆக்கி, கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, பேர் கூப்பிடும் நேரத்துக்குப் போய் நிற்கவேண்டும். பிறகு மலைச்சரிவில் ஆளுக்கு ஒரு வரிசை. இரண்டு இலை, நடுவிலே ஒரு மொட்டு. முற்றின இலை விழுந்தால் எடை போடும்போது கழிப்பார்கள். முதுகிலே கூடை, தலையிலே கம்பளி, மழைக்கு இடுப்பைச் சுற்றி ஒரு சாக்கு. மழை என்றால் நம் ஊர்த் தூறல் என்று எண்ணிவிடாதீர்கள். தமிழ் நாட்டிலே மழை அதிகம் என்று பத்திரிகையில் அளவு போடும்போது முதல் வரியில் வருகிற பெயர்கள் ஊத்தும் நாலுமுக்கும்தான். அட்டை காலில் ஏறினால் தெரியாது. ரத்தம் வழிகிறபோதுதான் தெரியும். உப்பையோ சுண்ணாம்பையோ வைத்துத் தள்ளிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடவேண்டும்.

கிள்ளின கொழுந்து அன்றைக்கே ஆலைக்குப் போகவேண்டும். வாட்டி, உருட்டி, பதப்படுத்தி, உலர்த்தி, சலித்தெடுத்தால், நாலு நாலரை கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகும். நாம் காலையில் டிகாக்‌ஷனுக்கு ஒரு ஸ்பூன் போடுகிறோமே, அதற்குள்ளே எத்தனை கிள்ளல் இருக்கும் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னால், 'சரிதான், பால் பொங்குகிறது' என்று எழுந்து போய்விடுவீர்கள். போகட்டும்.

துரைக்கு மேட்டிலே பங்களா. தொழிலாளிக்குப் பள்ளத்திலே லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த வீடுகள். முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அடுக்களை. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குழந்தைக் காப்பகம் எல்லாம் கம்பெனி கொடுக்கவேண்டும் என்றது. கோவில் கட்டினார்கள், மாதா கோவிலும் கட்டினார்கள். கொடை நடந்தது, கிறிஸ்துமஸ் நடந்தது. கல்யாணங்கள் மலையிலேயே முடிந்தன. பிறந்த குழந்தைக்கு ஊர் எது என்று கேட்டால் மாஞ்சோலை என்று சொன்னது. மூன்று, நான்கு தலைமுறை இப்படி ஓடிவிட்டது.

எல்லாவற்றுக்கும் அடியிலே ஒரு நிபந்தனை இருந்தது. வேலை இருக்கும்வரைதான் வீடு. வீட்டில் ஒருவராவது தோட்டத்துச் சம்பளப் பட்டியலில் இருக்கவேண்டும். அம்மாவுக்கு ஓய்வு வயது வந்துவிட்டதா? மகனோ மருமகளோ கூடையை வாங்கி முதுகிலே மாட்டினால் அடுப்பு எரியும். மாட்டாவிட்டால் சாமானைக் கட்டவேண்டியதுதான். பெண்ணை நன்றாகப் படிக்க வைத்து டவுனுக்கு உத்தியோகத்துக்கு அனுப்பின தாய்க்கு, அந்தப் பெருமையே வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸாகவும் ஆகிவிடும். சமையலறைக்குள் இப்படி ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தால் ஒரு குடும்பம் எதைத்தான் துணிந்து செய்யும்?

ஜமீன் போயிற்று, குத்தகை போகவில்லை

1947-இல் சுதந்திரம் வந்தது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். 1952-இல் சிங்கம்பட்டி ஜமீன் சர்க்கார் வசமாயிற்று. குழந்தைப் பருவத்திலேயே பட்டம் சூட்டப்பட்ட முருகதாஸ் தீர்த்தபதி, சட்டம் வந்த பிறகும் ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் ராஜ உடை தரித்துக் காட்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஜனங்களும் 'ராஜா' என்றே அழைத்தார்கள். அவர் 2020 மே மாதம் தமது 89-ஆவது வயதில் காலமானார்.

மலையில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ஜமீன்தார் இருந்த இடத்தில் சர்க்கார் வந்தது. குத்தகைப் பத்திரம் அப்படியே நின்றது. வெள்ளைக்காரத் துரைகள் கப்பலேறினார்கள். கம்பெனியும் பிற்பாடு பம்பாய் வாடியா குடும்பத்தாரின் கைக்கு வந்தது. கருத்த துரைகள் வந்தார்கள். அவர்களுக்கும் பெயர் துரைதான். சிங்கம்பட்டி அரண்மனைக்குப் போன வாரண்டு, மலை மேல் ஏறுவதற்குள் களைத்துப் போய்விட்டது போலும்!

கூலி உயர்வு கேட்டுப் போராட்டங்கள் வந்தன. சிறைக்குப் போன தொழிலாளர்களை, பெண்கள் உட்பட, விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23-ஆம் தேதி திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீஸை நோக்கி ஊர்வலம் போயிற்று. போலீஸ் தடியடியில் கூட்டம் சிதறித் தாமிரபரணியில் இறங்கியது. பதினேழு பேர் மாண்டார்கள். இருவர் பெண்கள், ஒன்று தாயின் இடுப்பிலிருந்த பச்சைக் குழந்தை. தோட்டத்துக்கு மேலே பெய்த மழைதான் மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் கலக்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

புலியும் பத்திரமும்

இதற்கிடையில் மலைக்கு இன்னொரு சொந்தக்காரர் பாத்தியதை கொண்டாடினார். 1988-இல் களக்காடு, முண்டந்துறைச் சரணாலயங்களைச் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ் நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். தேயிலைத் தோட்டம் அதன் நடுவயிற்றிலே கிடந்தது. கோர்ட்டுகளில் வழக்குகள் நடந்து, 2018-இல் குத்தகை நிலத்தைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். குத்தகை முடிந்தவுடன் எல்லாம் காட்டுக்குத் திரும்பவேண்டும் என்பது தீர்மானமாகிவிட்டது.

காட்டின் பக்கம் நியாயம் இல்லையென்று நான் சொல்லவில்லை. சோலைக்காடு மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. தாமிரபரணி வற்றாமலிருக்க அதுதான் காரணம். சிங்கவால் குரங்குக்கு வேறு வீடு கிடையாது. பிளவக்கல்லுக்கு மேலே உள்ள காட்டையும் இதே நோக்கத்தோடுதான், 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் ஆக்கினார்கள். அணை நீரை நம்பி நடவு செய்கிறவர்கள் அதை வேண்டாம் என்பார்களா?

கம்பெனி 2028 வரை காத்திருக்கவில்லை. 2024-இல் தோட்டத்தை மூடுவதாகச் சொல்லி, 'விருப்ப ஓய்வு'க் காகிதத்தை நீட்டியது. ஜூன் 14-ஆம் தேதி கெடு. விருப்பம் என்ற வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் பாருங்கள்! ஐந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள். சிலர் கையெழுத்துப் போட்டுக் கீழே இறங்கினார்கள். சிலர், தோட்டத்தைச் சர்க்காரின் 'டான்டீ' ஏற்று நடத்தட்டும் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த யோசனையில் அர்த்தம் இருந்தது. 1964-ஆம் வருஷத்து சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்கு வாழ்வு கொடுக்கத்தானே நீலகிரியில் சர்க்காரே தேயிலை நட்டு, பிறகு டான்டீயை உண்டாக்கிற்று? ஆனால் அது புலிகள் காப்பகம் அல்ல. இது புலிகள் காப்பகம். 2024 டிசம்பர் 3-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் டான்டீ கோரிக்கையை நிராகரித்தது. மறுவாழ்வுக்கு அறிவித்த ஏற்பாடுகளைச் சர்க்கார் செய்து கொடுக்கவேண்டும் என்றது. சமவெளிக் குடியிருப்புகளில் வீடு, கடன் உதவி, தொழிற்பயிற்சி என்று ஏற்பாடுகள்.

ஐம்பது வயதுப் பெண்ணுக்குத் தொழிற்பயிற்சி! முப்பது வருஷம் கொழுந்து கிள்ளின விரல். கண்ணை மூடிக்கொண்டு இலையின் வயதைச் சொல்லும். அதற்குக் கீழே திருநெல்வேலி வெயிலில் எந்தக் கடையில் விலை போகும்?

சீமையிலிருந்து வராத ஒரு சரக்கு

இங்கிலாந்து எஸ்டேட்டுகளிலும் இந்த 'வேலை இருந்தால் வீடு' என்ற ஏற்பாடு இருந்தது. பண்ணையாள் குடியிருக்கும் வீடு பிரபுவுக்குச் சொந்தம். அவனுக்கு வேலை போனால், அல்லது அவன் செத்துப் போனால், மனைவி மக்கள் மூட்டை கட்டவேண்டும். இது பெரிய அநியாயம் என்று அங்கே பண்ணைத் தொழிலாளர் சங்கத்தார் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டார்கள். 1976-இல் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. பண்ணையாளை வேலை போன காரணத்துக்காக வீட்டிலிருந்து லேசில் கிளப்பக்கூடாது; எஜமானுக்கு அந்த வீடு வேண்டுமானால், குடியிருப்பவருக்கு வேறு வீடு கிடைக்க வழி செய்ய வேண்டும்; அவர் இறந்தால் விதவைக்கும் அந்த உரிமை உண்டு. மாளிகைகள் பாதி இடிந்து போன பிறகு வந்த சட்டம்தான். வந்தது அல்லவா?

மாஞ்சோலைக்குச் சீமையிலிருந்து கணப்பு வந்தது. கோல்ப் மட்டை வந்தது. ரோஜாச் செடி வந்தது. துரை என்ற பட்டமும், வேலைக்கு வீட்டைக் கட்டிப்போடும் அந்த நிபந்தனையும் வந்தன. 1976-ஆம் வருஷத்துச் சட்டம் மாத்திரம் கப்பலேறவில்லை. நம் சட்டசபைகளில் யாரும் அதற்கு ஈடாக ஒன்றைக் கொண்டுவரவும் இல்லை. கொண்டுவந்திருந்தால், காடு காட்டுக்கே திரும்பியிருக்கும். ஆனால் மலையிலிருந்து இறங்குகிறவள் கையிலும் ஒரு காகிதம் இருந்திருக்கும். ஜமீன்தாரிடம் பத்திரம் இருந்தது. கம்பெனியிடம் பத்திரம் இருந்தது. சர்க்காரிடம் கெஜெட் இருந்தது. புலிக்குக்கூடக் கெஜெட்டில் இடம் இருந்தது. தொண்ணூற்றைந்து வருஷம் கூடை சுமந்தவர்களிடம் இருந்தது வருகைப் புத்தகத்தில் ஒரு நம்பர்.

இந்தக் கணக்கை வெறும் அனுதாபத்தோடு விட்டுவிடவேண்டியதில்லை. வால்பாறை, நீலகிரி, மேகமலை எங்கும் இதே மாதிரி லைன் வீடுகளில் குடும்பங்கள் இருக்கின்றன. பல தோட்டங்களின் குத்தகைகளுக்கும் ஒரு தேதி உண்டு. ஓய்வு பெறுமுன்பே சமவெளியில் மனையோ வீடோ அந்தப் பெண்ணின் பேரில் எழுதி வைக்கவேண்டும் என்று கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. நம் வீட்டில் இருபது வருஷம் வேலை பார்த்த அம்மாளுக்கு என்ன செய்தோம் என்று நாமே கேட்டுக்கொள்ளும் கேள்வியைவிட அது பெரிதல்ல.

தேயிலையைச் செடி என்று சொல்கிறோம். உண்மையில் அது மரம். கிள்ளிக் கிள்ளி, சில வருஷத்துக்கு ஒரு தரம் கவாத்து வெட்டி, இடுப்பளவுக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கை படாமல் விட்டால் இருபது, முப்பது அடி உயர்ந்து, வெள்ளையாக, நடுவில் மஞ்சள் மகரந்தத்தோடு பூக்கும். கொழுந்துக்காக வளர்க்கிற தோட்டத்தில் அவ்வளவு பூக்க விடமாட்டார்கள். மாஞ்சோலை ஆலை நின்று, கூடைகள் இறங்கிய பிறகு, சரிவுகளிலே அந்தச் செடிகள் நிமிர்ந்து வளர ஆரம்பித்துவிட்டன. குத்தகைப் பத்திரத்தில் கெடு 2028 பிப்ரவரி.